வடக்கு பார்த்த கூரை

1

மெல்பர்னில் குடியேறி நாற்பது ஆண்டுகள் நிறைவதையொட்டி ஒரு கட்டுரை தர வேண்டும் என்று இந்த இதழின் ஆசிரியர் கேட்டிருந்தார். குளிர், முதல் வேலை, தமிழ்ச் சங்கத் தேர்தல், பிள்ளைகளின் தமிழ் என்று நான்கு தலைப்புகளையும் அவரே குறித்து அனுப்பினார். நல்ல மனிதர். அவர் கேட்டதில் எதையும் நான் எழுதப்போவதில்லை.

போன ஜூன் மாதம், திருவனந்தபுரத்தில் நான் படித்த கட்டடக்கலைப் பள்ளியில், ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே ஒரு மாணவியைத் தோற்கடித்தேன். தவறு என்னுடையது, தோற்றது அவள். அதைத்தான் எழுதப்போகிறேன். வேண்டாம் என்று இரண்டு பேர் தடுத்தார்கள். ஒருவர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக என் நண்பர். மற்றவர் என் மகள். இந்த வயதில் உங்கள் பெயரை நீங்களே ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்பது இருவருடைய கேள்வியும். கெட்டது என் பெயர் மட்டும் என்றால் நானும் யோசித்திருப்பேன்.

எனக்கு எழுபத்திரண்டு வயதாகிறது. அப்பா மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். பொதுப்பணித் துறையில் வரைவாளராகத் திருவனந்தபுரம் வந்தவர். பழவங்காடி பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் வளர்ந்தேன். கட்டடக்கலை படித்து, அங்கேயே பத்து ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, முப்பத்திரண்டாவது வயதில் ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறினேன். இங்கே பள்ளிக்கூடங்களும் இரண்டு மருத்துவமனைகளும் வரைந்தேன். ஓய்வு பெற்றேன்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியின் பழைய மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஓர் ஆலோசனைக் குழு அமைத்தோம். மாதம் ஒருமுறை திரையில் கூடுவோம், ஜனவரியில் நேரில் கூடுவோம். பாடத்திட்டம் பற்றிப் பேசுவோம், பிள்ளைகளுக்குப் பயிற்சி இடம் தேடிக் கொடுப்போம், இறுதியாண்டு ஜூரியில் விருந்தினராக உட்காருவோம். ஜூரி என்றால், மாணவர் தன் வரைபடங்களைச் சுவரில் குத்தி, மாதிரியை மேசையில் வைத்துப் பதினைந்து நிமிடம் பேசுவார். நாங்கள் கேள்வி கேட்போம். எங்களுக்குச் சம்பளம் கிடையாது. மதிப்பெண் போடும் அதிகாரமும் கிடையாது. வாய் மட்டும் உண்டு.

2

அன்று எட்டாவதாக வந்தவள் சுகந்தி. வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள். தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளை. அந்த லயத்திலிருந்து கல்லூரிக்கு வந்ததே அவள்தான் முதல் என்று அறிமுகத்தில் சொன்னார்கள்.

மூடிக்கிடக்கும் தேயிலை ஃபாக்டரியைத் தோட்டத்துப் பெண்களுக்கான தையல் கூடமாகவும் வாசிப்பு அறையாகவும் மாற்றுவது அவளுடைய திட்டம். ரம்பத்தின் பற்களைப் போல வரிசையாகச் சரியும் கூரை வரைந்திருந்தாள். ஒவ்வொரு பல்லின் செங்குத்துப் பக்கத்திலும் கண்ணாடி. கண்ணாடிகள் அத்தனையும் வடக்கு பார்த்தவை.

நான் மெல்பர்னில் என் படிப்பறையில் இருந்தேன். இங்கே அது குளிர்காலம். நல்ல வெயில் ஜன்னல் வழியாக மேசையில் விழுந்து என் இடது கன்னத்தைச் சுட்டுக்கொண்டிருந்தது. அந்த ஜன்னல் வடக்கு ஜன்னல்.

"வடக்கா? மொத்தக் கூரையையும் வடக்கே தெறந்து வச்சிருக்கீங்களா?" என்றேன்.

"ஆமா சார். வடக்குலேர்ந்து வர்ற வெளிச்சம் வந்து…"

"வெளிச்சம் மட்டும் தனியா வருமா? வெயில் வராதா? மத்தியானம் அது நேரே தைக்கிறவங்க முதுகுல விழும். அடுப்புக்குள்ள ஒக்காரவச்சு தைக்கச் சொல்றீங்க."

கூடத்தில் சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

"சார், எங்க அம்மா இருவத்திரண்டு வருசம் ஃபாக்டரியில தூள் தரம் பிரிச்சாங்க. அந்த ரூமுல…"

"ஜூரிக்கு அம்மாவைக் கூட்டிட்டு வரக்கூடாது. சூரியன் போற பாதையைப் படிச்சுட்டு வரணும்."

மறுபடியும் சிரிப்பு. அவள் விடாமல் பேசினாள். ஒலிபெருக்கியில் இரைச்சல் வந்தது. "அந்த மைக்கைக் கொஞ்சம் ம்யூட் பண்ணுங்க" என்றேன். யாரோ செய்தார்கள். அதன் பிறகு அவள் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. "இது அடிப்படைத் தவறு. அடிப்படையே தெரியாதவங்களை நாம ஆர்க்கிடெக்ட்னு வெளியே அனுப்பக்கூடாது" என்று முடித்தேன்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் தலையாட்டி எழுதிக்கொண்டார். சுகந்திக்குத் தேர்ச்சி இல்லை.

கட்டடக்கலை தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் ஆஸ்திரேலியாவில் சூரியன் வடக்கு வானத்தில் நடக்கும். வெயில் வேண்டுமென்றால் வடக்கே ஜன்னல் வைப்போம். கேரளம் ரேகைக்கு வடக்கே இருக்கிறது. அங்கே ஆண்டின் பெரும்பகுதி சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகும். வடக்கிலிருந்து வருவது கண் கூசாத, நிழல் விழாத, சீரான வெளிச்சம். மழைக்காலத்தையொட்டி நாலு மாதம் சூரியன் கொஞ்சம் வடக்கே சாயும். அதற்கும் அவள் கண்ணாடிக்கு மேலே ஒரு சின்ன விளிம்பு நீட்டியிருந்தாள். தேயிலைத் தூளைத் தரம் பார்க்கும் அறைகளுக்கு அந்தக் காலத்திலிருந்தே வடக்கு வெளிச்சம்தான் வைப்பார்கள். அவள் அம்மாவைப் பற்றிச் சொல்லவந்தது அதைத்தான்.

நான் பிறந்த ஊரின் சூரியனை மறந்துவிட்டு, குடியேறிய ஊரின் சூரியனை வைத்துத் தீர்ப்புச் சொன்னேன்.

3

ஆகஸ்ட் மாதம் என் மகள் மீரா வீடு வாங்க அலைந்துகொண்டிருந்தாள். என் சனிக்கிழமைகள் அதில் போயின. மற்ற நாட்களில் எனக்கு நூலகம், மருந்துக்கடை, மாலையில் ஏரியைச் சுற்றி நடை. மீராவுக்கு முப்பத்தாறு வயது. திருவனந்தபுரத்தை மூன்று முறை பார்த்திருக்கிறாள், மூன்று முறையும் வயிற்றுப்போக்கு. தமிழ் பேசுவாள், வேலைக்காகக் கற்றுக்கொண்ட மொழியைப் போலக் கவனமாகப் பேசுவாள்.

ஒரு வீட்டில் முகவர், வரவேற்பறை வடக்கு பார்த்தது என்று பெருமையாகச் சொன்னார். "நல்லதும்மா. நாளெல்லாம் வெயில் வரும்" என்றேன்.

"ட்ரிவாண்ட்ரத்திலும் இப்படித்தானாப்பா?"

"இல்லை, அங்கே தலைகீழ்" என்றேன்.

சொன்ன பிறகுதான் சுகந்தியின் கூரை நினைவுக்கு வந்தது. மீரா சமையலறை அலமாரிகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வெறும் வீட்டில் நாற்காலி தேடினேன்.

நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு பள்ளிக்கூடம் வரைந்தேன். திருவனந்தபுரத்துப் பழக்கத்தில் வெயில் மறைப்புகள் எல்லாவற்றையும் தெற்குச் சுவரில் போட்டிருந்தேன். எங்கள் முதலாளி ஒரு ஸ்காட்லாந்துக் கிழவர். எல்லோரும் வீட்டுக்குப் போகும்வரை காத்திருந்து, என் மேசைக்கு வந்து, தாளின் பின்பக்கத்தில் ஒரு சூரியனை வரைந்து காட்டிவிட்டுப் போனார். அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அதே தவறை மறுபக்கமாகச் செய்து, இருபது பேர் நடுவில், அடுத்தவள் தலையில் போட்டிருக்கிறேன்.

இனி சொல்வதுதான் எனக்குக் கடினம். ஆகஸ்டில் தெரிந்தும் ஜனவரி வரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மின்னஞ்சல் எழுதினேன், அழித்தேன். அக்டோபரில் குழுவின் துணைத் தலைவராக இருக்கக் கேட்டார்கள். சரி என்றேன். தெரிந்துகொண்டே சரி என்றேன். வயது, மறதி, உடல்நிலை என்று எந்தக் காரணமும் இதற்கு இல்லை. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். ஐந்து மாதம் அந்த வெட்கத்தின் விலையை அவள் கட்டிக்கொண்டிருந்தாள்.

4

ஜனவரியில் போனேன். விமான நிலையத்திலிருந்து ஆட்டோவில் ஏறி, எனக்குத் தெரிந்த பழைய மலையாளத்தில் வழி சொன்னேன். ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "சாரின்றெ நாடு எவிடெயா?" என்று சொந்த ஊரைக் கேட்டார். "இவிடெத் தன்னெ" என்றேன். இங்கேதான் என்று அர்த்தம். அவர் வண்டியை நிறுத்தாமல் சிரித்தார்.

குழுவின் தலைவர் ஹரிஹரன் என் வகுப்புத் தோழன். கரமனை அக்ரகாரத்துக்காரன். அவனிடம் சுகந்தியைப் பற்றிக் கேட்டேன்.

"அந்த எஸ்டேட் பொண்ணா? கழக்கூட்டத்துல எங்கேயோ வேலை பாக்கறாளாம். நீ எதுக்குடா அவளத் தேடறே?"

சொன்னேன். "நான் அன்னிக்கு வாட்ஸ்அப் பாத்துண்டிருந்தேண்டா. சத்தியமா நீ என்ன சொன்னேன்னே கவனிக்கலை" என்றான். எங்கள் குழு ஆலோசனை சொன்ன அழகு இது.

கழக்கூட்டத்தில் நெடுஞ்சாலை ஓரம், அடுக்குமாடி வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்யும் ஓர் அலுவலகம். கீழே தேநீர்க் கடையில் காத்திருந்தேன். மதிய இடைவேளையில் இறங்கி வந்தாள்.

"ஸ்கிரீன்ல பெரிசா தெரிஞ்சீங்க. நேர்ல சின்ன ஆளாத்தான் இருக்கீங்க" என்றாள்.

என்ன வேலை என்று கேட்டேன். "கட்டில எந்தப் பக்கம் போட்டா கப்போர்டு கதவு இடிக்காதுன்னு பாக்குறது. அதுக்கு டிகிரி வேண்டாமுல்லா."

"நான் சொன்னது தப்பு. வடக்கு சரிதான். நீங்க வரைஞ்சது எல்லாமே சரி" என்றேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் சார்."

"ஏம்மா அன்னைக்கே சொல்லல?"

"சொன்னேன். சார்தான் மைக்கை ம்யூட் பண்ணச் சொன்னீங்க. சாருக்கு அதொண்ணும் ஓர்மை இருக்காது."

நினைவிருந்தது. தேநீரைக் கீழே வைத்தேன். "மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"அத வச்சு நான் என்ன சார் செய்யுறது? லயத்துல எல்லாருக்கும் என்ன தெரியும்? சுகந்தி தோத்துட்டா. அது தெரியும். வடக்கு தெக்கு ஆருக்குத் தெரியும்? எங்க அம்மைக்கு மட்டும் தெரியும். அம்மை கேட்டுச்சு, 'அந்த சாரு என்னைக்காவது பகல்ல வெளிய நின்னிருக்காராட்டி?'ன்னு."

அவள் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். தேர்வாளர் எழுதிய குறிப்புத் தாள். ஆங்கிலத்தில், அவருடைய கையெழுத்தில், என் வாக்கியம்: கூரையின் திசை அடிப்படையிலேயே தவறு. அவளுடைய ஐந்தாண்டுப் படிப்பின் மேல் என் சொல் அடுத்தவர் பேனாவால் உட்கார்ந்திருந்தது.

"ஜூன்ல மறுபடி முதல்லேர்ந்து வேற ப்ராஜெக்ட் செய்யணும்னு சொல்லுறாங்க. நான் செய்ய மாட்டேன். இது சரியான ப்ராஜெக்ட். சார் எழுதிக் குடுங்க. மீட்டிங்குல வாசிங்க. எல்லாரும் கேக்கணும். அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்கல்லா."

இடைவேளை முடிந்தது. மாடிப்படி ஏறும்போது திரும்பி, "டீக்கு நான் குடுத்துட்டேன்" என்றாள்.

5

ஆண்டுக் கூட்டத்தில் நேரில் எட்டுப் பேர், திரையில் நான்கு பேர். பள்ளியின் தலைவர் பேராசிரியர் லதாவும் இருந்தார். ஐந்தாண்டு நிறைவு விழாவுக்குப் புகைப்படக் கண்காட்சி வைப்பதா, மலர் போடுவதா என்று பேச்சு. நான் எழுந்து கடிதத்தை வாசித்தேன். ஒன்றரைப் பக்கம். என் தவறு என்ன, அதனால் என்ன ஆனது, அவளுடைய மதிப்பீட்டை மறுபடி நடத்த வேண்டும், அவ்வளவுதான்.

"எடா தாஸே, நோக்கு இன்னும் தூக்கம் தெளியலையா?" என்றான் ஹரி. "நாம ஆரு? ஆலோசனை சொல்றவா. வேணும்னா எடுத்துக்கோ, வேண்டாட்டா விட்டுடு. மார்க் போட்டது நாமளா?"

"குறிப்புல இருக்குறது என் வாக்கியம், ஹரி."

"கையெழுத்து ஒன்னோடதா?"

"இல்ல."

"பின்ன என்ன? தீர்ந்துது விஷயம்."

லதா மெதுவாகப் பேசினார். என்னிடம் பேசும்போது மலையாளத்தைத் தமிழாக்கிப் பேசுவார். "சார், எனக்கும் ஒரு சம்சயம் வந்தது. ஜூன்ல சூரியன் வடக்கே அல்லே, அதைத்தான் சார் சொல்லுறீங்கன்னு நெனச்சேன். இத்தர உறப்பா, அத்தனை உறுதியா சொன்னப்போ… பின்னெ, ஆலோசகர் கடிதம் வச்சு ரிசல்ட் மாத்த பற்றில்ல, முடியாது. யுனிவர்சிட்டி சம்மதிக்காது."

எனக்கு அப்போதுதான் முழுக்கப் புரிந்தது. தேர்வாளர் என்னை நம்பினார். லதா தேர்வாளரை நம்பினார். பல்கலைக்கழகம் தாளை நம்பியது. திரும்பி வரும்போது அந்த வழியில் ஒருவரும் இல்லை. அதிகாரம் இல்லாதவன் செய்த தவறைத் திருத்த அதிகாரம் உள்ளவர் யாருமில்லை.

துணைத் தலைவர் பதவியை அங்கேயே விட்டேன். இந்தக் கடிதம் கூட்டக் குறிப்போடு சேரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றேன். கோபத்தில் சொல்லவில்லை, எனக்கு வேறு வழி தெரியவில்லை. திரையில் இருந்த நால்வரும் ஒவ்வொருவராக மறைந்தார்கள். சாப்பாடு வந்தது.

"சாப்டுட்டு சத்தியாக்கிரகம் பண்ணேண்டா. காளன் ஆறிப் போறது" என்றான் ஹரி.

"நீ சாப்பிடு."

"நீ அங்கே ஒக்காந்திருக்கச்சே நேக்கு எறங்குமாடா?" என்றவன் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். நாலு மணி தாண்டியும் உட்கார்ந்திருந்தேன். எழுபத்திரண்டு வயதுக்காரன் மயங்கி விழுந்தால் யார் பதில் சொல்வது என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது. அந்தப் பயத்தை நான் பயன்படுத்திக்கொண்டேன். அதற்கு வருத்தமில்லை.

நாலரைக்கு லதா, கடிதத்தைக் குறிப்பில் சேர்ப்பதற்குப் பதிலாக ஒரு விதியோடு வந்தார். மாணவி தன் திட்டத்தைத் திருத்திச் சமர்ப்பித்தால், அடுத்த மாதமே சிறப்பு ஜூரி கூட்டலாம். திருத்தம் எவ்வளவு என்று விதியில் இல்லை. "ஒரு வரிசைச் சட்டம் போதும், சார். கண்ணாடிக்கு முன்னாடி, வெயில் மறைக்க. சும்மா ஒரு லூவர்."

ஹரி என் தோளைத் தட்டினான். "ஒரு லூவர்டா. ஆருக்கும் நஷ்டமில்லை, கேட்டியா."

6

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மறைக்காமல் சொல்கிறேன். அன்று மாலையே சுகந்தியை அழைத்தேன். "ஒரு லூவர் மட்டும் போட்டுடும்மா. பாஸ் ஆயிடும். பிறகு நிஜமா கட்டும்போது எடுத்துடலாம்."

அவள் கேட்டாள்: "சார், மறுபடியும் அட்வைஸா?"

கைபேசியை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அந்த லூவர் எதுக்கு சார்? வெயிலை மறைக்கத்தானே? இல்லாத வெயிலை நான் மறைச்சா, சார் சொன்ன வெயில் இருந்துச்சுன்னு ஆயிடும். நான் தப்பா வரைஞ்சேன், நீங்கள்லாம் சொல்லித் திருத்திக்கிட்டேன்னு ஆயிடும். அதே ஷீட்டுதான். ஒரு கோடு மாத்த மாட்டேன். போடுறதானா ஜூரி போடட்டும். இல்லேன்னா கப்போர்டு கதவு பாத்துட்டுப் போறேன்."

அவளுக்கு அந்தப் பட்டம் எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். பட்டம் இல்லாமல் கட்டடக்கலைஞராகப் பதிவு இல்லை. பதிவு இல்லாமல் அவள் வரைவதில் அவளே கையெழுத்துப் போட முடியாது. அது தெரிந்தேதான் இப்படிப் பேசினாள். நான் மறுநாள் லதாவிடம் போய், திருத்தம் இல்லை, அதே தாள்கள் என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மூன்று நாட்கள் தினமும் காலை பத்து மணிக்கு அவர் அறை வாசலில் போய் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள், "ஷீட் கொண்டு வரட்டும். காகிதத்துல என்ன எழுதணும்னு பிறகு நோக்காம்" என்றார். பிறகு பார்க்கலாம் என்பது அந்த ஊர் அலுவலகங்களில் பாதிச் சம்மதம்.

என் பயணச் சீட்டைத் தள்ளிப் போட வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவில் ஓய்வூதியக்காரர்கள் நீண்ட நாள் வெளிநாட்டில் தங்கினால் தெரிவிக்க வேண்டும். இணையத்தில் படிவம். காரணம் கேட்டது: குடும்ப நிகழ்வு, மருத்துவம், இறப்பு, மற்றவை. நான்கில் ஒன்றைத்தான் தொட முடியும். 'மற்றவை' என்று தொட்டேன். மீரா தொலைபேசியில், "ஒரு சாரி ஈமெயில் போட்டிருந்தா முடிஞ்சிருக்குமேப்பா. அவங்களே உங்களை விட்டாலும் நீங்க விட மாட்டேங்குறீங்க" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் வளர்ந்த ஊரில் மன்னிப்பு ஒரு கடிதத்தோடு முடியும். நான் செய்ததை எழுதி வைத்திருப்பது திருவனந்தபுரம். அங்கேயே அதை அடித்துத் திருத்த வேண்டும்.

7

பிப்ரவரியில் ஜூரி நடந்தது. புதிய மூன்று பேர். கடைசி வரிசையில், பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு எனக்கு ஓர் இடம் கொடுத்தார்கள். சுவரில் அதே தாள்கள், தலைப்புக் கட்டத்தில் அதே ஜூன் மாதத் தேதி. பழைய குண்டூசித் துளைகளிலேயே குத்தியிருந்தாள்.

மூவரில் ஒருவர் கேட்டார்: "ஏன் வடக்கு?"

சுகந்தி தரம் பிரிக்கும் அறையில் தொடங்கினாள். அம்மா எந்த மேசையில் நிற்பாள், தூளின் நிறம் காலையிலும் மூன்று மணிக்கும் ஒன்றுபோலத் தெரிய வேண்டியது ஏன், ஊசியில் நூல் கோக்கிறவளுக்கும் அதே வெளிச்சம் ஏன் வேண்டும், ஜூன் ஜூலையில் மலைமேல் மேகம் எப்படி இறங்கும், மேகம் விலகும் நாளுக்கு அந்தச் சின்ன விளிம்பு எப்படிப் போதும். ஏழெட்டு நிமிடம் பேசினாள். யாரும் குறுக்கிடவில்லை. இந்த ஏழு நிமிடத்தைத்தான் நான் அன்று பறித்தேன் என்று கணக்காகத் தெரிந்தது.

தேர்ச்சி. நல்ல மதிப்பெண்ணோடு.

மாலையில் அலுவலகத்தில் எழுத்தர் ஷைலஜா படிவத்தை அச்செடுத்து நீட்டினார். சுகந்தி வாசித்தாள், பேனாவை எடுக்கவில்லை.

"இங்க 'மாணவி செய்த திருத்தங்கள்: ஜூரி கூறியபடி'ன்னு இருக்கு. நான் ஒண்ணும் திருத்தலையே."

"மோளே, அது ஃபார்மட்டா. எல்லாருக்கும் இதுதான்."

"எல்லாரும் திருத்தியிருப்பாங்க சேச்சி. நான் திருத்தலல்லோ."

ஷைலஜா லதாவைப் பார்த்தார். லதா என்னைப் பார்த்தார். ஹரி கடிகாரத்தைப் பார்த்தான். கடைசியில் லதா, "இல்லை என்று போடு" என்றார். அப்படியானால் மறு ஜூரிக்குக் காரணம் என்னவென்று எழுத வேண்டும், இடம் காலியாக விட்டால் கணினி ஏற்காது என்றார் ஷைலஜா. லதா யோசித்துச் சொல்லச் சொல்ல அவர் தட்டினார்: முதல் ஜூரியில் ஆலோசகர் ஒருவர் கூறிய தவறான கருத்து.

"ஒருவர்னு போட்டா போதும்" என்றான் ஹரி அவசரமாக. "தாராளமாப் போதும்."

"பேரைப் போடுங்க" என்றேன்.

"வேண்டாம்டா. இது ஃபைல்ல கெடக்கும். நம்ம ரெண்டு பேர் போனப்பறமும் கெடக்கும்."

"அதுக்குத்தான் ஹரி."

ஷைலஜா என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஃபுல் நேம் சார்?"

"ஜே. ஞானதாஸ்" என்றேன். எந்த ஆண்டு படித்தேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன், வேறொரு ஞானதாஸ் மேல் பழி விழக்கூடாதே.

புதிய தாள் வந்தது. சுகந்தி நின்றபடியே இரண்டு முறை வாசித்துக் கையெழுத்துப் போட்டாள். பிறகு, "ஒரு காப்பி எனக்கு. ஒண்ணு லைப்ரரிக்கு" என்றாள். மாணவர்களின் இறுதித் திட்டங்களைப் புத்தகமாகக் கட்டி நூலகத்தில் வைப்பது வழக்கம். அடுத்து வருகிறவர்கள் அவற்றைப் புரட்டித்தான் தங்கள் வேலையைத் தொடங்குவார்கள். அவளுடைய புத்தகத்தின் முதல் பக்கமாக இந்தத் தாளைச் சேர்த்துக் கட்ட வேண்டுமாம்.

"அங்ஙனெ ஒரு பதிவில்லல்லோ" என்றார் ஷைலஜா. அப்படி வழக்கமில்லை என்று அர்த்தம்.

"இனிமே இருக்கட்டும் சேச்சி."

கட்டினார்கள்.

நான் மெல்பர்ன் திரும்பி ஆறு வாரமாகிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஹரி அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினான். மூன்றாமாண்டுப் பையன்கள் அதைக் கைபேசியில் சுற்றுக்கு விட்டிருக்கிறார்களாம், எனக்கு 'வடக்கு சார்' என்று பெயர் வைத்துவிட்டார்களாம். நூலகரிடம் சொல்லி அந்த ஒரு தாளை மட்டும் எடுத்துவிடவா என்று கேட்டிருந்தான். என்மேல் இருக்கும் பிரியத்தில்தான் கேட்கிறான்.

இருக்கட்டும் என்று பதில் அனுப்பினேன். யாராவது கிழித்தால், இன்னொரு பிரதி அவளிடம் இருக்கிறது. மூன்றாவதாக இதோ, உங்கள் கையில் இருக்கிறது.